ஒன்றும் செய்யாத கீ வேண்டும்

கீபோர்டில் கியூவும் டபிள்யூவும் பக்கத்துப் பக்கத்துக் கீகள். கன்ட்ரோலோடு டபிள்யூவை அழுத்தினால் பிரவுசரில் ஒரு டேப் மூடும். விரல் ஒரு கீ இடப்பக்கம் தள்ளி விழுந்து கன்ட்ரோல்-கியூ ஆகிவிட்டால், லினக்ஸில் பெரும்பாலான செயலிகள் மொத்தமாக மூடிக்கொள்ளும். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், மற்றபடி அதே நிலைமைதான். ஒன்று நாள் முழுக்கத் தேவைப்படுவது. மற்றது எப்போதாவது தேவைப்படுவது, பலருக்குத் தேவையே படாதது. இரண்டையும் ஒட்டி வைத்ததில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. குயிட் என்ற சொல் கியூவில் தொடங்குகிறது, அந்த எழுத்து அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வைத்ததை எடுப்பதற்கும் ஒரு வழி வைத்திருக்க வேண்டும். நான் எழுத வந்தது அந்த வழியைப் பற்றித்தான்.

எழுதுவதும் திருத்துவதும்தான் என் வேலை. கை கீபோர்டிலேயே கிடக்கும், மவுஸைத் தேடிப் போவது எனக்குப் பிடிக்காது. ஷார்ட்கட் இல்லாமல் என்னால் ஒரு நாளைக் கூட ஓட்ட முடியாது. வேண்டாத ஷார்ட்கட் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதும் அதனால்தான். மெனுவை மவுஸால் திறந்து வேலை செய்பவருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதே தெரியாது. கீபோர்டை நம்பி வேகமாக வேலை செய்பவரின் விரல்தான் தவறி விழும்.

நான் தினமும் பயன்படுத்தும் ஒரு எழுத்துச் செயலியில் ஷார்ட்கட்களை மாற்றுவதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே ஒரு சின்னப் பெட்டி. பெட்டியைச் சொடுக்கிப் புதுக் கீயை அழுத்தினால் அது பதிவாகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு கீ அல்ல, அந்தக் கட்டளைக்குக் கீயே வேண்டாம். சரி, டெலிட் அழுத்திப் பார்ப்போம் என்றால், டெலிட் கீயையே புது ஷார்ட்கட்டாக எடுத்துக்கொள்கிறது. எஸ்கேப் அழுத்தினால் பழையதே திரும்ப வருகிறது. பெட்டிக்கு வெளியே சொடுக்கினாலும் பழையதுதான். அந்தப் பெட்டியைக் காலியாக விட வழியே இல்லை. இதைச் செய்தவர்கள் ஷார்ட்கட்டை மாற்றுவதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள், எடுத்துவிடுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இந்தச் செயலி மட்டுமல்ல, பொதுவாகவே நிலைமை இதுதான். சேர்ப்பது சுலபம், மாற்றுவது ஓரளவு சுலபம், எடுப்பது கஷ்டம்.

எடுக்கப் புறப்படும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெனுவோடு சேர்ந்த கீகள் இரண்டு வகை. கன்ட்ரோல்-எஸ் மாதிரி, மெனுவைத் திறக்காமலேயே கட்டளையை நேராக இயக்குபவை ஒரு வகை. ஆல்ட்டோடு ஒரு எழுத்தை அழுத்தினால் மெனு கீழே இறங்குகிறதே, மெனுப் பெயரில் அடிக்கோடு போட்ட எழுத்து, அது இன்னொரு வகை. ஆல்ட்-எஃப் அழுத்தினால் ஃபைல் மெனு திறப்பது இந்த இரண்டாம் வகை. இரண்டுக்கும் அணைக்கும் இடம் வேறு வேறு. முதல் வகையை ஷார்ட்கட் பட்டியலில் தேடி எடுக்கலாம். இரண்டாம் வகையைப் பட்டியல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது மெனுவின் பெயருக்குள்ளேயே புதைந்திருக்கிறது. தேடித் தேடிச் சலித்துப்போகிறவர்களில் பாதிப் பேர் தப்பான பட்டியலில் தேடுகிறவர்கள் என்பது என் அனுமானம்.

இரண்டாம் வகையால் அதிகம் அவதிப்படுபவர்கள் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினியை இயக்கும் ஜன்னலில், வேலை செய்பவர்கள். ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியிலும், கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷிலும் ஆல்ட்-எஃப் என்றால் கர்சர் ஒரு சொல் முன்னால் போக வேண்டும். டெர்மினல் ஜன்னலுக்கு மெனு இருந்தால் கர்சர் நகராது, ஃபைல் மெனு திறக்கும். எஃப்10 கீயும் அப்படித்தான். மெனுவுக்குப் போக எஃப்10, உதவிக்கு எஃப்1, ஜன்னலை மூட ஆல்ட்-எஃப்4 என்ற ஏற்பாடு ஐபிஎம் 1987-இல் வெளியிட்ட சியூஏ என்ற பொது விதிமுறையில் வேரூன்றியது. ஆனால் டெர்மினலுக்குள் ஓடும் மிட்நைட் கமாண்டர், ஹெச்டாப் போன்ற செயலிகளில் எஃப்10 என்றால் வெளியேறு என்று பொருள். ஒரே கீயை இரண்டு பேர் கேட்கிறார்கள், வெளியே இருக்கும் ஜன்னல் முந்திக்கொள்கிறது. டெர்மினலை எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அவர்களே அதைப் பயன்படுத்துகிறவர்கள். அதனால் லினக்ஸின் க்னோம் டெர்மினலில் ஆல்ட் எழுத்துகளை நிறுத்த ஒரு பெட்டியும் எஃப்10-ஐ நிறுத்த இன்னொரு பெட்டியும் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலில் எஃப்1-க்கும் சேர்த்து மூன்று. கீயை அணைப்பதற்கென்றே செட்டிங்ஸில் இடம் ஒதுக்கிய செயலிகள் மிகக் குறைவு. அந்த மூன்று பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

ஆல்ட் கீயைத் தனியாக அழுத்தி எடுத்தாலே மெனுப் பட்டைக்குக் கவனம் போய்விடும் பழக்கமும் விண்டோஸ் வழியில் வந்ததுதான். இரண்டு மொழிகளில் மாறி மாறித் தட்டச்சு செய்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஆல்ட்-ஷிப்ட் அழுத்தி மொழியை மாற்றுவோம், சில செயலிகளில் விரலை எடுத்ததும் மெனு விழித்துக்கொள்ளும், அடுத்துத் தட்டும் எழுத்து உரைக்குள் போகாமல் மெனுவுக்குள் போய் ஏதோ ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுக்கும். என்ன நடந்தது என்று புரியவே சில நொடி ஆகும். பயர்பாக்ஸ் பிரவுசரில் இதை நிறுத்த, அதன் உள் அமைப்புகளைக் காட்டும் அபவுட் கன்ஃபிக் பக்கத்தில் மெனு ஆக்ஸஸ் கீ ஃபோகஸஸ் என்று முடியும் அமைப்பை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் கஸ்டம் மெனு பார் ஆல்ட் ஃபோகஸ் என்ற அமைப்பு இருக்கிறது, எனேபிள் மெனு பார் நிமோனிக்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. முதலாவது தனி ஆல்ட்டுக்கு, இரண்டாவது ஆல்ட்டோடு வரும் எழுத்துக்கு.

இனி முதல் வகைக்கு வருவோம். ஏன் மேக்கில் எந்தச் செயலியின் ஷார்ட்கட்டையும் வெளியிலிருந்தே மாற்ற முடிகிறது, விண்டோஸில் ஏன் முடிவதில்லை என்று ரொம்ப நாள் எனக்குப் புரியாமல் இருந்தது. இரண்டு அமைப்புகளிலும் ஷார்ட்கட் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்ததும் புரிந்துவிட்டது.

விண்டோஸின் பழைய, அடிப்படையான வழியை எடுத்துக்கொள்வோம். மெனுவில் சேவ் என்று இடப்பக்கமும் கன்ட்ரோல்-எஸ் என்று வலப்பக்கமும் தெரிகிறது அல்லவா? அந்த வலப்பக்க எழுத்து வெறும் எழுத்துதான். செயலியை எழுதியவர் மெனுப் பெயரில் சேவ் என்று எழுதி, ஒரு டேப் குறி போட்டு, அதன் பின்னால் கையாலேயே கன்ட்ரோல் பிளஸ் எஸ் என்று தட்டியிருப்பார். அதற்கும் கீபோர்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையான ஷார்ட்கட் இன்னொரு இடத்தில், ஆக்ஸிலரேட்டர் டேபிள் என்ற தனிப் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கீ வந்தால் இந்த எண்ணுள்ள கட்டளையை அனுப்பு என்று அங்கே எழுதியிருக்கும். கீ அழுத்தப்பட்டதும் செயலி டிரான்ஸ்லேட் ஆக்ஸிலரேட்டர் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்கிறது. மெனுவும் பட்டியலும் சந்திப்பது கட்டளை எண்ணில் மட்டும்தான். மெனுவில் ஒரு கீ எழுதியிருக்க, வேறு கீ வேலை செய்யும் செயலிகளை நீங்கள் பார்த்திருந்தால் காரணம் இதுதான். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிட்டிருப்பார்கள்.

அந்தப் பட்டியல் செயலியின் சொந்த ஃபைலுக்குள் இருக்கிறது. ரிசோர்ஸ் ஹேக்கர் மாதிரியான கருவியால் ஃபைலைத் திறந்து ஒரு வரியை அழிக்கலாம். ஆனால் அடுத்த அப்டேட்டில் அந்த வரி திரும்ப வந்துவிடும், ஃபைலின் டிஜிட்டல் கையொப்பமும் செல்லாமல் போகும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய செயலிகள் பலவும் அந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதும் இல்லை, கீயைத் தாங்களே நேராகக் கவனித்துக்கொள்கின்றன. ஆக, விண்டோஸ் நினைத்தாலும் எல்லாச் செயலிக்கும் பொதுவாக ஒரு சுவிட்ச் வைக்க முடியாது. எந்தக் கீ எங்கே போகிறது என்பது அதற்கே தெரியாது.

மேக்கில் நிலைமை நேர் எதிர். அங்கே ஒவ்வொரு மெனு உருப்படிக்கும் அதன் ஷார்ட்கட் ஒரு பண்பாகவே ஒட்டியிருக்கிறது, அந்த மெனுவைக் கட்டுவதும் கீயைப் பொருத்திப் பார்ப்பதும் ஆப்பிளின் பொது நூலகம், அதாவது எல்லாச் செயலிகளும் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பு. அதனால் செயலியைத் தொடாமலேயே, இந்தப் பெயருள்ள மெனு உருப்படிக்கு இந்தக் கீ என்று பயனர் சொல்லிவிட முடிகிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதற்குள் ஆப் ஷார்ட்கட்ஸ். பிளஸ் குறியைத் தட்டிச் செயலியைத் தேர்ந்தெடுத்து, மெனு உருப்படியின் பெயரைத் தட்டச்சு செய்து, புதுக் கீயை அழுத்தினால் முடிந்தது.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. பெயர் மெனுவில் இருப்பது போலவே, எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட இருக்க வேண்டும். சஃபாரியை மூடும் உருப்படிக்கு வெறும் குயிட் என்று எழுதினால் வேலை செய்யாது, குயிட் சஃபாரி என்று முழுதாக எழுத வேண்டும். பெயருக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால் அவையும் வேண்டும். ஒரே பெயர் இரண்டு மெனுக்களில் இருந்தால், மேல் மெனுவின் பெயரை எழுதி, இடையில் ஒரு கழித்தல் குறியும் அதை ஒட்டி வலப்பக்கம் பார்க்கும் கூர்க்குறியும் போட்டு உள் மெனுவின் பெயரை எழுத வேண்டும். மெனு எந்த மொழியில் தெரிகிறதோ அந்த மொழியில்தான் பெயர் இருக்க வேண்டும். செயலி ஏற்கனவே திறந்திருந்தால் மூடித் திறப்பது நல்லது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டிலும் அந்தக் குறை இருக்கிறது. அந்த ஜன்னலில் காலியாக விட முடியாது, ஏதாவது ஒரு கீ கொடுத்தே ஆக வேண்டும். அதனால் எல்லோரும் செய்வது இதுதான்: கன்ட்ரோல், ஆப்ஷன், ஷிப்ட், கமாண்ட் நான்கையும் சேர்த்து, கூட யாரும் தொடாத ஒரு கீயைப் போட்டு, குயிட்டை அங்கே தள்ளி வைத்துவிடுவது. இனி கமாண்ட்-கியூ அழுத்தினால் எதுவும் நடக்காது. புதுக் கூட்டணியை ஐந்து விரலும் சேர்ந்து சதி செய்தால்தான் அழுத்த முடியும். வேலை நடக்கிறது. ஆனாலும் இது அணைப்பது அல்ல, ஒளித்து வைப்பது. ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு வேண்டாத ஷார்ட்கட்டுக்கும் ஒரு மறைவிடம் தேட வேண்டியிருக்கிறது.

லினக்ஸில் ஒரு காலத்தில் இதைவிடத் தாராளமான ஏற்பாடு இருந்தது. ஜிடிகே 2 நூலகத்தில் எழுதிய செயலிகளில், ஒரு அமைப்பை இயக்கிவிட்டால், மெனுவைத் திறந்து உருப்படியின் மேல் மவுஸை நிறுத்தி எந்தக் கீயை அழுத்தினாலும் அது அந்த உருப்படியின் ஷார்ட்கட் ஆகிவிடும். டெலிட் அழுத்தினால் ஷார்ட்கட் போய்விடும். பட்டியல் இல்லை, ஜன்னல் இல்லை, பெயர் தட்டச்சு செய்யும் வேலை இல்லை. பிடிக்காத ஷார்ட்கட்டைக் கண்ட இடத்திலேயே அழித்துவிடலாம். தெரியாமல் கை பட்டு மாறிவிடும் ஆபத்து இருந்தது உண்மைதான், அந்த வசதி பின்னால் கைவிடப்பட்டதற்கு அதையும் சொல்லலாம். இருந்தாலும், அழிப்பதையும் சேர்ப்பதையும் சம உரிமையோடு நடத்திய அந்த வடிவமைப்பு போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. படம் திருத்தும் செயலியான கிம்ப்பில் அது நெடுநாள் தங்கியிருந்தது. இப்போதும் அதன் ஷார்ட்கட் ஜன்னலில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் காலியாகிவிடும், அந்த மட்டும் சந்தோஷம்.

இன்றைக்கு இதைச் சரியாகச் செய்வது லினக்ஸின் டெஸ்க்டாப் தொகுப்பான கேடிஇ. அதன் செயலிகளில் செட்டிங்ஸ் மெனுவைத் திறந்தால் கீபோர்டு ஷார்ட்கட்களை அமைக்கும் ஜன்னல் ஒரே மாதிரி கிடைக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் இயல்பாக வரும் கீ இது, நீங்கள் வைப்பது இது என்று இரண்டு வாய்ப்புகள் தெரியும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து எதுவும் இல்லை என்று விட்டுவிடலாம். செயலியை எழுதியவர் இதற்காகத் தனியே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பொது நூலகமே தந்துவிடுகிறது.

பிரவுசர்களில் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. பயர்பாக்ஸில் கன்ட்ரோல்-கியூவை முடக்குவதற்கென்றே சின்னச் சின்ன ஆட்-ஆன்கள் இருந்தன. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பு பழைய ஆட்-ஆன் முறையையே நிறுத்தியதும் அவை போய்விட்டன. பிறகு பயர்பாக்ஸே இரண்டு வழிகளைச் சேர்த்தது. செட்டிங்ஸில், அந்த ஷார்ட்கட்டால் மூடும் முன் என்னைக் கேள் என்று ஒரு பெட்டி. அபவுட் கன்ஃபிக்கில், அந்த ஷார்ட்கட்டே வேண்டாம் என்பதற்கு பிரவுசர் டாட் குயிட் ஷார்ட்கட் டாட் டிசேபிள்ட் என்ற அமைப்பு. மேக்கில் குரோம் வேறு வழியைப் பிடித்தது: அதன் மெனுவில் இருக்கும் எச்சரிக்கையை இயக்கிவிட்டால், கமாண்ட்-கியூவைத் தட்டினால் மூடாது, சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் மூடும். தவறி விழுந்த விரலையும் நினைத்து அழுத்திய விரலையும் நேரத்தை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

ஆபீஸ் செயலிகளில் வேர்டு தாராளம், எக்செல் கஞ்சம். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால் கீழே கீபோர்டு ஷார்ட்கட்டுக்கான பொத்தான் இருக்கும். கட்டளையைத் தேடி, அதன் இப்போதைய கீயைத் தேர்ந்து, ரிமூவ் என்றால் போய்விட்டது. லிப்ரே ஆபீஸிலும் டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு என்ற பக்கத்தில் டெலிட் பொத்தான் உண்டு. விண்டோஸ் எக்செலில் இப்படி ஒரு ஜன்னலே இல்லை. எக்செலில்தான் அது அதிகம் தேவை. கட்டத்தைத் திருத்த எஃப்2, திருத்தத்தை விட எஸ்கேப், இரண்டுக்கும் நடுவில் எஃப்1. நாளெல்லாம் எஃப்2 தட்டுகிறவருக்கு எஃப்1 விழுந்து உதவிப் பலகை திறக்கிறது. கணக்கு வேலை செய்பவர்கள் பலர் எஃப்1 கீயின் மூடியையே கீபோர்டிலிருந்து பெயர்த்து எடுத்துவிடுகிறார்கள். மென்பொருளில் அணைக்க வழி தெரியாமல் பொருளையே பிடுங்கும் அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது. வழி இருக்கிறது, ஆனால் மேக்ரோ, அதாவது எக்செலுக்குள் எழுதும் சிறு நிரல் வழியாக. அப்ளிகேஷன் டாட் ஆன்கீ என்ற கட்டளைக்கு எஃப்1-ஐக் கொடுத்து, எந்த மேக்ரோ என்ற இடத்தில் வெற்று மேற்கோள் குறிகளைக் கொடுத்தால், அந்தக் கீ எதுவும் செய்யாது. இரண்டாவதைக் கொடுக்காமலே விட்டால் கீ பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடும், அந்த வித்தியாசம் முக்கியம். எக்செலோடு சேர்ந்து தானே திறக்கும் பர்சனல் மேக்ரோ புக்கின் திறப்பு நிகழ்வில் இந்த ஒரு வரியை வைத்துவிட்டால் எக்செல் திறக்கும்போதெல்லாம் எஃப்1 அடங்கிக் கிடக்கும்.

செயலி உள்ளே வழி தரவில்லை, இயங்குதளமும் தரவில்லை என்றால், கடைசி வழி கீ செயலியைச் சேரும் முன்பே நடுவில் பிடித்துவிடுவது. விண்டோஸில் 2003-இலிருந்து இருக்கும் ஆட்டோஹாட்கீயில் இது ஓரிரு வரி வேலை: இந்தச் செயலி முன்னால் இருக்கும்போது இந்தக் கீ வந்தால் ஒன்றும் செய்யாதே. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸில் கீபோர்டு மேனேஜர் என்ற பகுதி இருக்கிறது. அதில் ஷார்ட்கட்டுக்கு எதிரே டிசேபிள் என்று தேர்ந்தெடுத்து, எந்தச் செயலிக்கு என்றும் குறிக்கலாம். மேக்கில் கராபினர் எலிமென்ட்ஸ். லினக்ஸில் கீடி போன்றவை. லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் செயலிகளோடு இணைக்கும் வேலண்ட் வந்த பிறகு ஒரு செயலி மற்றச் செயலிகளின் கீகளை ஒட்டுக்கேட்க முடியாது, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட. கீடி அதற்கும் கீழே, இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் உள்ளீட்டிலேயே வேலை செய்வதால் தப்பிக்கிறது. ஆனால் எந்தச் செயலி முன்னால் இருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது, அதற்குத் துணைக்கருவி வேண்டும்.

நடுவில் பிடிக்கும் வழியை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பிடிக்கும் கருவிக்குச் சூழல் தெரியாது. அது ஓடிக்கொண்டிருந்தால்தான் பாதுகாப்பு, நின்றால் ஷார்ட்கட் உயிர்பெற்றுவிடும். விண்டோஸில் ஒரு செயலியை நிர்வாகி உரிமையோடு திறந்தால், சாதாரண உரிமையில் ஓடும் ஆட்டோஹாட்கீயால் அதைத் தொட முடியாது. பிடிக்கும் விதி கொஞ்சம் அகலமாகிவிட்டால், வேறு எதையோ சேர்த்து விழுங்கிவிடும்.

கடைசியாகச் சொன்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2015 வாக்கில், கட்டுரைகள் எழுதி வெளியிடும் மீடியம் தளத்தில் நடந்தது. அந்தத் தளம் எழுதுவதைத் தானே சேமித்துக்கொள்ளும். பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்துகிறவர்களுக்குப் பிரவுசரின் சேவ் ஜன்னல் வந்து தொந்தரவு செய்ததால், அந்த ஷார்ட்கட்டை முடக்கினார்கள். நல்ல எண்ணம்தான். உடனே போலந்து மொழியில் எழுதுகிறவர்களால் ஒரே ஒரு எழுத்தைத் தட்ட முடியாமல் போனது: எஸ்ஸின் மேல் சாய்ந்த கோடு போட்ட எழுத்து. அதை அவர்கள் வலப்பக்க ஆல்ட்டோடு எஸ் அழுத்தித் தட்டுவார்கள். விண்டோஸ் அந்த வலப்பக்க ஆல்ட்டைக் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே செயலிகளுக்குச் சொல்லும். தளம் கன்ட்ரோல் இருக்கிறதா, எஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது, ஆல்ட்டும் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஷார்ட்கட்டை அணைக்கப் போய் ஒரு மொழியின் எழுத்தையே அணைத்துவிட்டார்கள். ஆல்ட் அழுத்தப்படாதபோது மட்டும் தடு என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் சரியானது. ஆகவே ஆட்டோஹாட்கீயில் கீயை முடக்கும்போது முன்னால் நட்சத்திரக் குறி போடாதீர்கள். அந்தக் குறி, கூட வேறு எந்தக் கீ இருந்தாலும் பரவாயில்லை, பிடி என்று சொல்வது. கன்ட்ரோல்-எஸ் என்றால் கன்ட்ரோல்-எஸ் மட்டும்தான்.

சில ஷார்ட்கட்களை அணைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களே ஏற்றதும் உண்டு. லினக்ஸில், திரையில் எல்லாவற்றையும் காட்டும் எக்ஸ் சர்வரைக் கொல்ல கன்ட்ரோல்-ஆல்ட்-பேக்ஸ்பேஸ் என்று ஒன்று இருந்தது. கை பட்டால் திரையில் திறந்திருந்த எல்லாமே போய்விடும். 2009-இல் அதை இயல்பாகவே அணைத்து வெளியிட்டார்கள், அந்த ஆண்டு வந்த உபுண்டு 9.04-இலும் அப்படியே. வேண்டுமென்றவர்கள் இயக்கிக்கொள்ளலாம் என்றார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் பேரழிவு தரும் கீ, கேட்டால் மட்டும் கிடைக்க வேண்டும் என்ற அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஈமாக்ஸ் அதைவிட நாகரிகமாக நடந்துகொள்கிறது. புதியவரைக் குழப்பக்கூடிய சில கட்டளைகளை அது முடக்கியே வைத்திருக்கிறது. தேர்ந்தெடுத்த பகுதி முழுவதையும் பெரிய எழுத்தாக்குவது அதில் ஒன்று. அந்தக் கீயை முதல்முறை அழுத்தினால், இது முடக்கப்பட்ட கட்டளை, இது இன்னது செய்யும், இந்த முறை மட்டும் செய்யவா, இனி எப்போதும் செய்யவா, விட்டுவிடவா என்று கேட்கும்.

செயலி எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் சில விஷயங்களை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஷார்ட்கட் அமைக்கும் பக்கத்தில் காலியாக்கும் பொத்தான் ஒன்று வையுங்கள். காலி என்பதையும் பயனர் தொடவே இல்லை என்பதையும் தனித்தனியாகச் சேமியுங்கள். இதைப் பிரிக்காமல் விட்டால், பயனர் கீயை எடுத்துவிட்டு நிம்மதியாக மூடுவார், அடுத்த முறை திறக்கும்போது செயலி இங்கே எதுவும் இல்லையே என்று இயல்பான கீயைத் திரும்ப நிரப்பிவிடும். பார்த்திருக்கிறேன், எரிச்சலின் உச்சம் அது. விஎஸ் கோடு இதற்கு எளிய வழி கண்டிருக்கிறது: அமைப்பு ஃபைலில் கட்டளையின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், அந்தக் கீயிலிருந்து அந்தக் கட்டளையை எடுத்துவிடு என்று பொருள். எடுத்தல் என்பதும் ஒரு பதிவாகவே நிற்கிறது, வெற்றிடமாக அல்ல.

வலைத்தள நுட்பத்தில் கணினிச் செயலி கட்டும் எலெக்ட்ரானில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மெனுவை நீங்கள் அமைக்காவிட்டால் அது தானே ஒரு மெனுவைத் தரும், அதில் கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் பக்கம் மீண்டும் ஏற்றப்படும். உருவாக்கும்போது உங்களுக்கு அது உதவி. வெளியிட்ட பிறகு, நீளமாக எதையோ தட்டிக்கொண்டிருப்பவரின் கை அதில் பட்டால் சேமிக்காத அத்தனையும் போயிற்று. உங்களுக்கென்று ஒரு மெனுவை எழுதி, உங்கள் பயனருக்கு வேண்டியதை மட்டும் அதில் வையுங்கள்.

அணைக்கும் வசதியை சௌகரியம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பேச்சால் கணினியை இயக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே எழுத்தில் இயங்கும் ஷார்ட்கட்கள் உள்ள செயலியில், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒரு சொல்லை அனுப்பினால், அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகி வரிசையாக ஓடும். 2018 ஜூனில் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகுதன்மை நெறிமுறையில் 2.1.4 என்ற விதி இதற்காகவே எழுதப்பட்டது. எழுத்து, எண், குறி மட்டுமே கொண்ட ஷார்ட்கட் இருந்தால், அதை அணைக்க வழி வேண்டும், அல்லது கன்ட்ரோல், ஆல்ட் போன்ற கீயோடு சேர்த்து மாற்ற வழி வேண்டும், அல்லது அந்தப் பகுதியில் கவனம் இருக்கும்போது மட்டும் அது இயங்க வேண்டும். அந்த நெறிமுறையின் மிக அடிப்படையான ஏ நிலையில் இது வைக்கப்பட்டிருக்கிறது. வலைத்தளங்களுக்கு எழுதிய அந்த விதியை, ஈஎன் 301 549 என்ற ஐரோப்பியத் தரநிலை மென்பொருளுக்கும் நீட்டியிருக்கிறது. கன்ட்ரோல்-கியூ மாதிரியான கூட்டுக் கீகளுக்கு இந்த விதி பொருந்தாது. பொருந்த வேண்டும் என்பது என் ஆசை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திரை வாசிப்பான் பயன்படுத்துகிறவருக்கு மெனுவுக்குப் போக ஆல்ட்டும் எஃப்10-உம்தான் கைப்பிடி. பலர் பயன்படுத்தும் கணினியில் நமக்கு வேண்டாம் என்று அவற்றைப் பொதுவாக அணைத்துவிட்டால் இன்னொருவர் உள்ளே வர வழியில்லாமல் நிற்பார். நான் எப்போதும் என் கணக்குக்குள், ஒரு செயலிக்கு மட்டும் என்றுதான் அணைப்பேன். கன்ட்ரோல்-இசட், கன்ட்ரோல்-எஸ் இரண்டையும் அணைக்கும் பக்கம் போவதே இல்லை.

அணைத்தவற்றை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து வைத்திருக்கிறேன்: எந்தச் செயலி, எந்தக் கீ, எந்த வழியில். புதுக் கணினிக்கு மாறும்போது அதன் அருமை தெரியும். வேர்டின் மாற்றங்கள் பெரும்பாலும் நார்மல் டெம்ப்ளேட் ஃபைலில் இருக்கும், அதை நகலெடுத்தால் கூடவே வரும். விஎஸ் கோடுக்குக் கீபைண்டிங்ஸ் ஃபைல், ஆட்டோஹாட்கீக்கு அதன் ஸ்கிரிப்ட். எக்செலுக்குப் பர்சனல் மேக்ரோ புக். மேக்கில் ஆப் ஷார்ட்கட்ஸ் பட்டியலை அப்டேட்டுக்குப் பிறகு ஒருமுறை பார்ப்பது அவசியம், ஏனென்றால் செயலியில் மெனுவின் பெயர் ஒரு எழுத்து மாறினாலும் நாம் எழுதி வைத்தது பொருந்தாமல் போய்விடும், அதை யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். அப்படி ஆகியிருந்தால் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, புதுப் பெயரில் திரும்ப எழுதினால் போதும்.